"ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவதற்கு முன்

நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்யும் நர்ஸ்கள் எல்லோருக்கும் ஒரு வரி பழக்கம். "குளிக்க மறுத்தார், அடித்தார், ஒத்துழைக்கவில்லை." நானும் பல வருடங்கள் யோசிக்காமல் இதை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

எங்கள் இல்லத்தில் மறதி நோய் முற்றிய ஓர் அம்மா இருக்கிறார். பேச்சு நாலைந்து சொற்களாகச் சுருங்கிவிட்டது. படுக்கையில் சாதுவாக இருப்பார், குளிப்பாட்டப் போனால் மட்டும் கிள்ளுவார், கத்துவார். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் சட்டையைத் தலை வழியாக உருவுவோம். அவசரமாக முடித்துவிட்டு அடுத்த அறைக்கு ஓடுவோம். பல மாதங்கள் இப்படித்தான் போனது.

ஒரு நாள் நான் மட்டும் இருந்தேன். வேறு வழியில்லாமல் மெதுவாகச் செய்தேன். முகம் துடைத்தேன், கால் துடைத்தேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. இடது கையைத் தூக்கியதும் முகம் சுருங்கியது, மூச்சு ஒரு கணம் நின்றது, அப்புறம்தான் அடி விழுந்தது. தோள்மூட்டு இறுகிப்போயிருந்தது. நாங்கள் தினமும் பிடித்து இழுத்த கை அது. வலிக்கிறது என்று சொல்ல அவரிடம் சொல் இல்லை, மற்றொரு கை மட்டும்தான் இருந்தது.

டாக்டர் பார்த்து, குளியலுக்கு ஒரு மணி நேரம் முன்பு பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னார். சட்டையை முன்பக்கம் திறப்பதாக மாற்றினோம். போடும்போது வலிக்கிற கையை முதலில் நுழைப்பது, கழற்றும்போது அதைக் கடைசியில் எடுப்பது. பயிற்சிக் காலத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம்தான். ஒரு வாரத்தில் அடிப்பது நின்றுவிட்டது.

பேச முடியாதவர்களின் வலியைக் கணிக்க 2003இல் வெளிவந்த 'பெயினாட்' என்ற அளவுகோல் இருக்கிறது. மூச்சு, முனகல், முகம், உடலின் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என ஐந்து விஷயங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 10. ஐந்து நிமிடம் கவனித்துப் பார்த்தால் போதும். ஆனால் ஆள் அசையாமல் படுத்திருக்கும்போது பார்த்துவிட்டு 0 போடுவதில் அர்த்தமில்லை. புரட்டும்போது, எழுப்பும்போது, உடை மாற்றும்போது பார்க்க வேண்டும்.

மறதி நோயாளிகளின் பராமரிப்பைப் பற்றி எழுதிய பிரிட்டிஷ் உளவியலாளர் டாம் கிட்வுட், நோயை விட ஆளை முதலில் பாருங்கள் என்று வலியுறுத்தியவர். நல்ல மனசு உள்ளவர்களே அவசரப்படுத்துவதாலும், குழந்தை போல நடத்துவதாலும், சொல்லாமல் தொடுவதாலும் முதியவரை மனிதர் என்ற நிலையிலிருந்து இறக்கிவிடுகிறார்கள் என்று அவர் காட்டியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாவின் இடது கைதான் நினைவுக்கு வந்தது. எங்களில் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நேற்று வரை வழக்கம்போல இருந்தவர் இன்று திடீரென்று மாறினால், "மறதி அதிகமாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இதில் எதுவும் காரணமாக இருக்கலாம். கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். திடீரென்று அமைதியாகி, சோர்ந்து தூங்கியே கிடப்பவரைப் பார்த்து, அப்பாடா, இன்று தொல்லை இல்லை என்று நினைத்துவிடுவோம். அவரைத்தான் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

குடும்பத்தினர் சிலர், அடக்க ஒரு மாத்திரை கொடுங்களேன் என்று கேட்பார்கள். அவர்கள் சங்கடம் புரிகிறது. ஆனால் மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகள் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே எச்சரித்திருக்கிறது. சில நேரங்களில் டாக்டர் அதை எழுதத்தான் வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் வலி இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? இதைக் கேளுங்கள். கேட்பதோடு, உங்களுக்குத் தெரிந்ததையும் எங்களிடம் சொல்லுங்கள். எப்போதோ விழுந்து அடிபட்ட முழங்கால், எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், தலையில் தண்ணீர் ஊற்றினால் பயப்படுவாரா. எங்கள் கோப்பில் இவையெல்லாம் இருக்காது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று சக நர்ஸ்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆள் பற்றாக்குறையை நர்ஸின் கருணையால் ஈடுகட்டச் சொல்வது அநியாயம், நிர்வாகங்கள் அதைப் புரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த அம்மாவைக் குளிப்பாட்ட மூன்று பேர் அரை மணி நேரம் போராடினோம். இப்போது ஒருவர் போதும், இருபது நிமிடம். குளிர் நடுக்கும் நாட்களில் குளியலறைக்கே போவதில்லை. பெரிய துவாயால் போர்த்தி, படுக்கையிலேயே, துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து துடைத்துவிடுகிறோம்.

அவர் கோப்பின் முதல் பக்கத்தில் இப்போது இப்படி எழுதி வைத்திருக்கிறோம்: "இடது தோளில் வலி. தொடுவதற்கு முன் முகத்துக்கு நேரே வந்து சொல்லவும். வலது கையில் ஒரு துண்டைக் கொடுத்தால் தன் முகத்தைத் தானே துடைத்துக்கொள்வார், அவர் முடிக்கும் வரை காத்திருக்கவும்."