சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்கள் என்று மறைக்காதீர்கள்

கீமோ ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிய பத்தாம் நாள் காய்ச்சல் கண்டவருக்கு மூன்று நாள் பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம் இறங்கிய பிறகு பேர்ணாம்பட்டிலிருந்து வண்டி பிடித்துக் கொண்டுவருகிறார்கள். முதல் நாளே ஏன் தொலைபேசியில் சொல்லவில்லை என்று கேட்டால், "சொன்னா அடுத்த கீமோவ நிறுத்திடுவீங்களோன்னு பயம் சிஸ்டர்" என்கிறார் மகன். வேலூரில் புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியராக வேலை பார்க்கும் எனக்கு இந்தப் பதில் புதிதல்ல. குடியாத்தத்துக்காரரும் ஆரணிக்காரரும் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருபவரும் ஏறக்குறைய இதே சொற்களில்தான் சொல்கிறார்கள். இம்முறை நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்ததால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தொந்தரவைச் சொன்னால் சிகிச்சை நின்றுவிடும் என்பது முற்றிலும் தலைகீழான எண்ணம். சிகிச்சையை நிறுத்தவைப்பது சொல்லாமல் முற்றவிட்ட தொந்தரவுதான். வாந்தியை முதல் சுற்றிலேயே சொன்னவருக்கு அடுத்த சுற்றில் வாந்தித் தடுப்பு மருந்தை மாற்றுகிறோம். கீமோ குறித்த நாளில் நடந்துவிடுகிறது. சொல்லாதவரோ மூன்றாம் சுற்றுக்கு வரும்போது எடை குறைந்து, நீர்ச்சத்து வற்றி, சிறுநீரகம் சரியாக வேலை செய்யாததைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறி நிற்பார். அந்த நிலையில் மருந்தை ஏற்ற எந்த மருத்துவரும் துணியமாட்டார். கேப்சைட்டபின் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுபவருக்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு நான்கு முறை கூடுதலாகப் பேதியானால், மாத்திரையைச் சில நாள் நிறுத்தி வயிறு அடங்கியதும் தொடர்வதே முறை. அந்த இடைவெளியும் சிகிச்சையைச் சேர்ந்ததே. உங்களைக் கைவிட்டதாக அதற்குப் பொருள் இல்லை. அளவைக் குறைத்தால் நோய் கூடிவிடும் என்ற அச்சமும் இதே வகையைச் சேர்ந்தது. முதல் சுற்றின் அளவு பெரும்பாலும் உங்கள் உயரத்தையும் எடையையும் வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் உடல் அதை எப்படித் தாங்கியது என்பது அந்தக் கணக்கில் இல்லை. நீங்கள் வாய் திறந்தால்தான் அடுத்த கணக்கில் சேரும்.

இது என் ஊகம் அல்ல. நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஈதன் பாஷ் என்ற மருத்துவரின் குழு, பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்ட 766 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தது. ஒரு பிரிவினர் பசியின்மை, வலி, மூச்சுத்திணறல் உள்ளிட்ட 12 தொந்தரவுகளைக் கணினி வழியாக அவ்வப்போது தாங்களே பதிந்தார்கள்; ஏதேனும் கடுமையானால் செவிலியருக்கு எச்சரிக்கை போனது. மற்றவர்கள் வழக்கம்போல் மருத்துவரைப் பார்க்கும்போது சொன்னதோடு சரி. பதிந்தவர்கள் சராசரியாக 8.2 மாதம் கீமோவைத் தொடர்ந்தார்கள். மற்றவர்களுக்கு அது 6.3 மாதம். உயிர்வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவும் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 2017இல் வெளியான முடிவுகளின்படி பதிந்தவர்களுக்கு 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம் என்று வேறுபட்டது. ஒரே மையத்தில் நடந்த ஆய்வு என்பதால் மாதக் கணக்கை அப்படியே நமக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. ஆனாலும், சொன்னவர்களுக்குத்தான் கீமோ நீண்ட காலம் தொடர்ந்தது என்பதைப் பயந்துபோன மகன்களும் மருமகள்களும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

எங்கள் தரப்பிலும் குறை உண்டு. நோயாளிகள் தாங்களே எழுதிக்கொடுத்ததையும் மருத்துவர்கள் குறித்துவைத்ததையும் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2015இல் வெளியிட்டார்கள். நோயாளி சொன்ன பக்கவிளைவுகளில், வகையைப் பொறுத்து, 40 சதவீதத்துக்கு மேல் 74 சதவீதம் வரை மருத்துவர் குறிப்பில் ஏறவே இல்லை. இங்கே நான் கவனித்த ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வங்காளத்திலிருந்து வருபவரிடம் மொழி தெரியாத காரணத்தாலேயே வாய், வயிறு, விரல் என்று ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டிக் கேட்கிறோம். நம் ஊர்க்காரரிடம் "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டு, "பரவால்ல சிஸ்டர்" என்று அவர் சொன்னதும் ஊசி போடத் தொடங்கிவிடுகிறோம்.

விரல் மரத்துப்போவதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. பாக்லிடாக்ஸெல் போன்ற கீமோ மருந்துகள் நரம்பு நுனிகளைப் பாதிக்கும். முதலில் மதமதப்பு, பிறகு எரிச்சல், அதன் பிறகு பிடிமானமே இல்லாமல் போகும். பீடி சுற்றும் பெண்ணுக்கும் ஆம்பூர்ச் செருப்புத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்ப்பவருக்கும் விரல் நுனியில்தான் பிழைப்பு. மதமதப்பு தொடங்கியபோதே சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறது. பொத்தான் போட முடியாத நிலையில் சொன்னால், கீமோ முடிந்த பிறகும் அந்த உணர்வு முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

கத்திரி வெயிலில் வாய்ப்புண்ணையும் பேதியையும் காய்ச்சலையும் சூட்டின் மேல் பழிபோட்டுவிட்டு மோரும் எண்ணெய்க் குளியலுமாக நாளைக் கடத்துவது இந்தப் பக்கத்து வழக்கம். கீமோ எடுப்பவருக்கு இது ஆகாது. ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை பொதுவாகக் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் காலம். வீட்டில் வெப்பமானி கட்டாயம் இருக்கட்டும். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும், உடனே அழைத்துவிட்டுக் கிளம்புங்கள். அளந்து பார்க்காமல் பாராசிட்டமால் போடாதீர்கள். அது காய்ச்சலை மறைக்குமே தவிர கிருமியைத் தொடாது. வேலூர் வந்து சேர நேரமாகும் என்றால் அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய், ஏற்றிய மருந்தின் பெயரும் தேதியும் உள்ள சீட்டைக் காட்டி, நோய்க்கிருமிக்கான ஊசியைத் தாமதமின்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். அழைக்க வேண்டிய எண் உங்கள் கோப்பில் இல்லையென்றால், அதை வாங்காமல் வார்டை விட்டுப் போகாதீர்கள்.

பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கி, தொந்தரவு எத்தனை முறை வந்தது, எவ்வளவு கடுமையாக இருந்தது, அதனால் எந்த வேலை கெட்டது என்று அன்றன்றைக்கு எழுதிவையுங்கள். "சரியா சாப்பிடல" என்பதைவிட "ரெண்டு இட்லிதான், மதியம் ஒண்ணுமில்ல" என்பது எங்களுக்குப் பயன்படும். எழுதத் தெரியாதவருக்குப் பேரப்பிள்ளைகள் எழுதட்டும். நாட்டு மருந்து ஏதேனும் சாப்பிட்டால் அதையும் எழுதுங்கள். திட்டினாலும் திட்டுவோம், ஆனால் எங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

உடன் வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவிடம் கேட்கும் கேள்விக்கு அம்மாவே பதில் சொல்லட்டும். "நல்லாத்தான் இருக்காங்க" என்று நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். அம்மா, மலம் போகும்போது எரிவதையும் அடிவயிற்றில் உள்ள தொந்தரவையும் மகன் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், எங்களிடம் கண்ணைக் காட்டுங்கள். அவரை மருந்துச் சீட்டோடு பார்மஸிக்கு அனுப்பிவிட்டு வந்து உட்காருகிறோம்.