உடன்படிக்கை: ‘ட்ரீட்டி’க்கு நம்மிடம் இருக்கும் சொல்

வீட்டுக்காரரோடு பதினொரு மாதத்துக்குப் போட்டுக்கொள்வதும் ஒப்பந்தம், முதல் உலகப் போரை முடிக்க 1919-ல் வெர்சாய் அரண்மனையில் கையெழுத்தானதும் ஒப்பந்தம். சாலை போட எடுப்பது, கம்பெனியில் ஆள் சேர்ப்பது, சிந்து நதி நீரை இந்தியாவும் பாகிஸ்தானும் 1960-ல் பங்கிட்டுக்கொண்டது, எல்லாவற்றுக்கும் நம் செய்தித்தாள்களில் இந்த ஒரே சொல்தான். ஒப்பந்தம் தவறான சொல் இல்லை. ‘ஒப்பு’ என்ற வேரிலிருந்து வந்தது, தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட இருக்கிறது. ஆனால் நாடும் நாடும் செய்துகொள்வதற்கென்று தமிழில் ஒரு தனிச்சொல் இருக்கும்போது அதை ஏன் மூலையில் போட்டுவைக்க வேண்டும்? அந்தச் சொல் உடன்படிக்கை.

முதலில் ட்ரீட்டி என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். லத்தீனில் ‘ட்ராக்டாரே’ என்றால் கையாளுதல், அதற்கும் அடியில் இருப்பது ‘இழு’ என்ற பொருள். வயலில் ஓடும் டிராக்டரும் ஆஸ்பத்திரி ட்ரீட்மென்ட்டும் இதே வேரில் முளைத்தவைதான். ஒரு விஷயத்தை இழுத்துக் கையாண்டு பேசி முடித்தது என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், பிறகு அரசர்கள் எழுதிக்கொள்ளும் பத்திரத்துக்குப் பெயராக நின்றுவிட்டது. பேச்சுவார்த்தைதான் அந்தச் சொல்லின் உயிர். இரண்டு பேரும் மனம் ஒத்தார்களா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

உடன்படிக்கை அதைச் சொல்கிறது. உடன் + படு = உடன்படு. நம்பு நம்பிக்கை ஆனது போல, கோரு கோரிக்கை ஆனது போல, உடன்படு உடன்படிக்கை ஆனது. பழைய வடிவம் உடம்படு. மலையாளத்தில் இன்றைக்கும் ட்ரீட்டிக்கு ‘உடம்படி’ என்றுதான் எழுதுகிறார்கள். குறளில் உட்பகை அதிகாரத்தின் கடைசிப் பாட்டு (890) இப்படி வரும்: “உடம்பா டிலாதவர் வாழ்க்கை குடங்கருள் பாம்போ டுடனுறைந் தற்று”. மனம் ஒத்துப்போகாதவரோடு வாழ்வது, ஒரே குடிசைக்குள் பாம்போடு குடியிருப்பது போல என்கிறார். பக்கத்து நாட்டை விட்டு யாரும் வீடு மாற்றிக்கொண்டு போக முடியாது, அதனால் எனக்கு இந்தக் குறள் குடும்பத்துக்குப் பொருந்துவதைவிட நாடுகளுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துவதாகத் தோன்றும்.

பள்ளியில் படித்த உடம்படுமெய் நினைவிருக்கிறதா? மணி + அடித்தது = மணியடித்தது. இரண்டு உயிரெழுத்துகள் நேருக்கு நேர் வந்தால் ஒட்டாது, நடுவில் ஒரு ‘ய்’ அல்லது ‘வ்’ வந்து நின்று இரண்டையும் உடன்படுத்தும். அதுதான் உடம்படுமெய். இதில் என்னை வியக்கவைப்பது என்னவென்றால், வடமொழியிலும் இதே இரட்டை வேலைதான் நடக்கிறது. எழுத்துகள் சேர்வதும் சந்தி, பகை அரசர்கள் சேர்வதும் சந்தி. குறளின் ‘தூது’ அதிகாரத்துக்கு உரை எழுதும்போது பரிமேலழகர் ‘சந்தி விக்கிரகம்’ என்கிறார், அதாவது சமாதானமும் போரும். இலக்கணக்காரர்களும் அரசவைக்காரர்களும் இரண்டு மொழியிலும் ஒரே சொல்லைக் கையில் எடுத்திருக்கிறார்கள்.

சரி, சொல் போகட்டும், பொருள் எவ்வளவு பழையது? எகிப்தின் இரண்டாம் ராம்சேஸும் ஹிட்டைட் அரசன் மூன்றாம் ஹட்டுசிலியும் கி.மு. 1259 அளவில் செய்துகொண்ட உடன்படிக்கை நமக்குக் கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்திருக்கிறது. வெள்ளித் தகட்டில் எழுதப்பட்டதாம், அந்தத் தகடுகள் போய்விட்டன. எகிப்தியர்கள் கர்னக் கோயில் சுவரில் வெட்டிவைத்த படியும், இன்றைய துருக்கியில் ஹட்டுசா நகர இடிபாடுகளில் 1906-ல் தோண்டி எடுத்த களிமண் பலகைகளும் மிஞ்சின. ஒருவர் மேல் எதிரி வந்தால் மற்றவர் படை அனுப்ப வேண்டும், இரு நாட்டுத் தெய்வங்களும் சாட்சி, இதெல்லாம் எதிர்பார்க்கக்கூடியதுதான். என்னை நிறுத்திய பகுதி, ஓடிவந்தவர்களைத் திருப்பி அனுப்புவது பற்றியது. திருப்பி அனுப்பப்பட்டவன் மேல் குற்றம் சுமத்தக் கூடாது, அவன் வீட்டையும் மனைவி மக்களையும் அழிக்கக் கூடாது, அவனைக் கொல்லக் கூடாது, கண், காது, வாய், கால் எதற்கும் தீங்கு செய்யக் கூடாது என்று உறுப்பு உறுப்பாக எழுதியிருக்கிறார்கள். மூவாயிரம் வருடத்துக்கு முன்னால், பெயர் தெரியாத ஒரு அகதிக்காக இரண்டு பேரரசர்கள் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் சொல் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு எத்தியோப்பியா இருக்கிறது. 1889 மே மாதம் மெனெலிக் மன்னரும் இத்தாலியும் வுச்சாலே என்ற இடத்தில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள், ஒரு படி எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியில், இன்னொன்று இத்தாலிய மொழியில். பதினேழாவது பிரிவில், வெளிநாடுகளோடு பேச எத்தியோப்பிய மன்னர் இத்தாலியின் உதவியை விரும்பினால் பெறலாம் என்றது அம்ஹாரிக் படி. இத்தாலியப் படியிலோ, இத்தாலி வழியாகத்தான் பேச வேண்டும் என்கிற பொருள். ‘லாம்’ என்ற விகுதிக்கும் ‘வேண்டும்’ என்ற சொல்லுக்கும் உள்ள தூரம்தான் வித்தியாசம், அதை வைத்து எத்தியோப்பியா எங்கள் பாதுகாப்பில் இருக்கும் நாடு என்று இத்தாலி ஐரோப்பா முழுக்க அறிவித்தது. மெனெலிக் ஏற்கவில்லை, 1893-ல் உடன்படிக்கையைத் தூக்கிப் போட்டார். 1896 மார்ச் 1-ஆம் தேதி அத்வா போரில் இத்தாலியப் படை தோற்றது, அதே வருடம் அடிஸ் அபாபாவில் எழுதிய புது உடன்படிக்கையில் எத்தியோப்பியா தனி நாடு என்று இத்தாலி ஒப்புக்கொண்டது. நியூசிலாந்தில் 1840-ல் மாவோரித் தலைவர்களோடு செய்த வைடாங்கி உடன்படிக்கையிலும் இறையாண்மைக்கு மாவோரி மொழியில் எந்தச் சொல்லைப் போட்டார்கள் என்ற வழக்கு இன்றுவரை ஓயவில்லை.

நம் பக்கத்திலும் பழைய உடன்படிக்கை ஒன்று உண்டு. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தபோது டென்மார்க் மன்னருக்கு அனுப்பிய கடிதம் பனையோலை வடிவத்தில் வெட்டிய தங்க ஏடு, எழுத்து தமிழ், கையொப்பம் தெலுங்கு. இன்றும் டென்மார்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

இப்போது பயன்படுத்தும் முறைக்கு வருவோம். 1969-ல் வியன்னாவில் முடிவான விதிகளின்படி, நாடுகளுக்கிடையே எழுத்தில் செய்யப்பட்டு பன்னாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது எதுவோ அது ட்ரீட்டி, தலைப்பில் என்ன பெயர் இருந்தாலும் சரி. ஆகவே பொதுப்பெயராக உடன்படிக்கை என்று தைரியமாக எழுதலாம். பல நாடுகள் கூடிச் செய்யும் கன்வென்ஷனுக்கு இலங்கையில் ‘சமவாயம்’ என்கிறார்கள், அழகான சொல், இங்கேயும் எடுத்துக்கொள்ளலாம். வாடகை, வேலை, டெண்டர், இவற்றுக்கு ஒப்பந்தம் இருக்கட்டும். கிறிஸ்தவர்களுக்கு உடன்படிக்கைப் பெட்டி என்று வேதாகமத்தில் இந்தச் சொல் ஏற்கெனவே பழக்கம், அங்கே அது கடவுளோடு செய்தது, அந்தக் கனம் சொல்லுக்கு நல்லதுதான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் எனக்குக் கை தயங்கும். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்டது. இலங்கையின் மலையகத்தில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். சட்டப்படி அது முழு உடன்படிக்கை, சந்தேகமே இல்லை. ஆனால் உடன்பட்டது இரண்டு அரசுகள், அந்தத் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களை யாரும் கேட்கவில்லை. ஏழு பேர் கப்பல் ஏறினால் நான்கு பேருக்குக் குடியுரிமை என்று கணக்கு ஓடியது, ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த அண்ணன் தமிழ்நாட்டுக் கூடலூருக்கும் தம்பி இலங்கையின் அட்டனுக்குமாகப் பிரிந்தார்கள். அதை அங்கே இன்றும் ‘சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்’ என்றுதான் சொல்கிறார்கள், நானும் அதை மாற்றி எழுதுவதில்லை.