நாங்க டிஜிட்டல் சார், எங்களால என்ன மாசு?

போன வாரம் ஒரு கல்லூரிக்கு விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) செய்முறைத் தேர்வு நடத்தப் போயிருந்தேன். ஸ்டுடியோவுக்குப் பின்னால் கரும்புகை. குறும்படத்துக்குச் செய்த தெர்மாகோல் தூண்களை ஃப்ளெக்ஸோடு சேர்த்துக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்குத் துறையில் ஒருவர் சிரித்தார்: "நாங்க முழுக்க டிஜிட்டல் சார். டார்க் ரூமையே மூடியாச்சு. எங்களால என்ன மாசு?"

இந்த வருடம் இதே பதிலை மூன்றாவது கல்லூரியில் கேட்கிறேன்.

டார்க் ரூமில் ஃபிலிம் படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் ரசாயனத்தைச் சாக்கடையில் ஊற்றிய காலத்தில் நாற்றமாவது காட்டிக்கொடுத்தது. டிஜிட்டல் அழுக்கு மின்மீட்டரில் ஓடுவதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். அங்கே எடிட் லேபில் 30 கணினிகள். மாலை 5 மணிக்குப் பூட்டும்போது ஒன்றைக்கூட அணைக்கவில்லை. "ரெண்டர் ஓடுது சார்." ரெண்டர், அதாவது எடிட் செய்ததைக் கணினி முழுப் படமாக்கும் வேலை, ஓடியது இரண்டில்! கணினிக்கு 100 வாட் என்று வைத்தாலும் காலை 9 வரை 48 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016இல் அறிவித்தபோது எவ்வளவு பேசினோம்? இந்த லேப் அதை இரண்டே ராத்திரியில் கிட்டத்தட்டக் காலி செய்துவிடும்.

ஸ்டுடியோவில் ஐந்து 1கே (1000 வாட்) டங்ஸ்டன் விளக்குகள். அதில் வெளிச்சம் கொஞ்சம், சூடுதான் மிச்சமெல்லாம். அந்தச் சூட்டை வெளியேற்றவே ஒன்றரை டன் ஏசி ஒன்று வேண்டும். எல்இடி வாங்கக் காசில்லையா, சரி. ஒத்திகைக்கு டியூப்லைட் போதுமே! டீ குடிக்கப் போகும்போதாவது அணையுங்கள். (பல்பின் ஆயுளும் நீளும், ஸ்டோர்காரர் உங்களை வாழ்த்துவார்.)

தெர்மாகோலை விடுங்கள். செட்டுக்குச் சுவராக நிற்கும் பிளைவுட் பிளாட் நான்கு செய்து வைத்தால் வருடா வருடம் பெயின்ட் அடித்து ஓட்டலாம். ஃப்ளெக்ஸ் என்பது பிவிசி பிளாஸ்டிக், அதைக் கொளுத்தவே கூடாது. சட்டையில் மாட்டும் லேப்பல் மைக்குக்கு ரீசார்ஜ் செல் போடுங்கள்.

அப்புறம் ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன்: உப்பிப்போன கேமரா பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும், அள்ளுகிறவர் கைதான் வேகும். முனைகளில் டேப் ஒட்டி, மணல் வாளியில் தனியாக வைத்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

அந்தக் குறும்படத்துக்கு நல்ல மதிப்பெண்தான் போட்டேன். தூண்கள் அசல் கருங்கல் மாதிரியே இருந்தன.