ஜமாபந்தி எப்போது ‘சொல்’ ஆகிறது?

“எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் வரலாற்றுப் பாடத்தில் வரும் நிலவரிச் சொற்களை, ரயத்துவாரி, மகல்வாரி, ஜமாபந்தி என்று பத்துப் பத்து முறை எழுதிப் பார்க்கிறாள். மறுநாள் கேட்டால் முழிக்கிறாள். கோளாறு மூளையிலா, பாடநூலிலா?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

மூளையில் கோளாறு இல்லை. மறப்பது அதன் வழக்கமான வேலை. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே போய்விடுகிறது. அப்புறம் மறதியின் வேகம் குறைகிறது. மூளைக்குள் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி புதியதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். அதைத் தாண்டிவிடுவோம். எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது.

ஒரு சொல்லைக் ‘கற்றுவிட்டோம்’ என்று எப்போது சொல்லலாம்? பொருளைச் சொல்லத் தெரிந்தால் போதுமா? போதாது என்கிறார்கள் உளமொழியியலாளர்கள், அதாவது மனம் மொழியைக் கையாளும் விதத்தை ஆராய்பவர்கள். ஒருவர் பேசும்போது சொல் முடியும்வரை மூளை காத்திருப்பதில்லை. ‘ஜமா’ என்று காதில் விழுந்தவுடனே அப்படித் தொடங்கும் சொற்களையெல்லாம் எழுப்பிவிடும். ‘ஜமாத்’ எழும், ‘ஜமாய்’ எழும். அவை முட்டி மோதி, அடுத்த ஒலி வந்ததும் ஒன்று ஜெயிக்கும். எல்லாம் ஒரு விநாடிக்குள். போட்டியாளர்கள் கூடினால் முடிவு மில்லிவிநாடிக் கணக்கில் தாமதமாகும்.

இப்போது ‘ஜமாபந்தி’யைப் புதிதாகக் கற்கிறீர்கள். அது உண்மையிலேயே மூளையின் அகராதியில் சேர்ந்திருந்தால் ‘ஜமாத்’தை அடையாளம் காணும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், இல்லையா? பழைய சொல்லுக்கு இடைஞ்சல் கொடுப்பதுதான் புதிய சொல் குடியேறியதற்கு அத்தாட்சி. வாடகைக்கு வந்தவர் தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட ஆரம்பித்தால்தான் தெருக்காரர் ஆவது போல.

கேரத் கேஸ்கல், நிக்கோலா துமே என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். ‘கதீட்ரல்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒட்டி ‘கதீட்ரூக்’ என்பது போன்ற பொய்ச் சொற்களைச் செய்து கற்றுக்கொடுத்தார்கள். அப்புறம் பழைய சொல்லின் ஒலிக்குள் ஒரு சிறு மௌனத்தைச் செருகி, அதைக் கவனிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். உள்ளே போட்டி நடந்தால் கவனிப்பதும் தாமதமாகும். 2007இல் வெளிவந்த ஆய்வில் ஒரு குழு காலையில் கற்றது, இன்னொன்று இரவில். 12 மணி நேரம் கழித்துச் சோதித்தால், இடையில் தூங்கி எழுந்த குழுவிடம் போட்டி தொடங்கியிருந்தது. பகல் முழுக்க விழித்திருந்தவர்களிடம் இல்லை. அவர்களும் ஓர் இரவு தூங்கிய பிறகுதான் அது வந்தது.

எனக்கு இது இன்னும் வியப்பாகவே இருக்கிறது. புதிய சொல்லைப் பகலில் ஹிப்போகாம்பஸ் தனியாக வைத்திருக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் அந்தப் பதிவை அது திரும்பத் திரும்ப ஓட்டிக்காட்ட, மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணி மெல்ல மெல்லப் பழைய சொற்களோடு அதைப் பின்னிக்கொள்கிறது என்பதே இன்றைய விளக்கம். தேர்வுக்கு முந்தின இரவு கண்விழித்துப் படிப்பவர் இந்த வேலை நடக்கும் நேரத்தையே வெட்டிவிடுகிறார். நினைவாற்றல் லேகியத்துக்கும், கிழக்கு பார்த்து உட்கார்ந்து படிப்பதற்கும் வீடுகளில் இருக்கும் மரியாதையில் பாதி தூக்கத்துக்கு இருந்தால் தேவலை.

சரி, பின்னுவதற்குப் பழைய இழை வேண்டுமே. காலனிக்காலச் சொற்களில் அது தாராளமாக இருக்கிறது, பாடநூல்தான் எடுத்துக் காட்டுவதில்லை. அந்த வகையில் கோளாறு பாடநூலில் என்றே சொல்வேன். ‘மாவட்டவாரியாக’ என்கிறோமே, அந்த ‘வாரி’தான் ரயத்துவாரியிலும் இருக்கிறது. ரயத் என்றால் குடியானவர். அரசு ஒவ்வொரு குடியானவரிடமும் நேராக வரி வாங்கினால் ரயத்துவாரி. மகல் என்ற கிராமத் தொகுதியிடம் வாங்கினால் மகல்வாரி. முதலாவதைச் சென்னை மாகாணத்தில் நிலைநாட்டிய தாமஸ் மன்றோ இன்றும் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். ‘தார்’ என்றால் பாரசீகத்தில் வைத்திருப்பவர். நிலத்தை வைத்திருப்பவர் ஜமீன்தார், பரம்பரை உரிமை வைத்திருப்பவர் மிராசுதார், வசூலைக் கையில் வைத்திருந்தவர் தாசில்தார். ஜமாபந்தியோ வரலாறாகக்கூட ஆகவில்லை. கிராமங்களின் நிலவரிக் கணக்கைச் சரிபார்க்கும் அந்த வேலை தாலுகா அலுவலகங்களில் வருடாவருடம் நடக்கிறது.

அப்புறம், எழுதிப் பார்ப்பது பற்றி. 2008இல் கார்பிக், ரோடிகர் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியிலிருந்து 40 சொற்களைக் கொடுத்தார்கள். ஒரு முறை சரியாகச் சொன்ன பிறகும் மீண்டும் மீண்டும் தங்களைச் சோதித்துக்கொண்டவர்கள் ஒரு வாரம் கழித்துச் சுமார் 80 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள். சோதிப்பதை விட்டுவிட்டுத் திரும்பப் படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு அதில் பாதிகூட இல்லை. எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோதோ எல்லாக் குழுவினரும் ஏறத்தாழ ஒரே கணக்கைத்தான் சொன்னார்கள்.

ஆகவே அம்மா, மகளைப் பத்து முறை எழுதச் சொல்ல வேண்டாம். படுக்கப் போகும் முன் நோட்டை மூடச் சொல்லிவிட்டு, “மிராசுதார்னா யாரு?” என்று ஒரு தடவை கேளுங்கள். காலையில் பல் துலக்கும்போது இன்னொரு தடவை. திணறினால் உடனே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், கொஞ்சம் திணறட்டும்.