ஒன்பதாங்கிளாஸ்ல விழுற அந்த ஒரு எஃப்

கலிஃபோர்னியால ஒரு சின்ன சார்ட்டர் ஹைஸ்கூல்ல கவுன்சிலரா இருக்கேன். சார்ட்டர்னா பிரைவேட்னு நம்மாளுங்க நிறைய பேர் இன்னும் நெனக்கிறாங்க, இல்லங்க, அரசாங்கப் பணத்துல நடக்குற பப்ளிக் ஸ்கூல்தான், ஃபீஸ் கெடையாது, சீட்டுக்கு மேல அப்ளிகேஷன் வந்தா குலுக்கல்தான். 1991ல மினசோட்டால மொதல் சட்டம் வந்துச்சு, 1992ல இங்க.

பேரண்ட்ஸ் என்னைத் தேடி வர்றது பதினொண்ணாங்கிளாஸ்ல, காலேஜ் பத்திக் கேக்க. அப்ப எனக்கு மனசு அடிச்சுக்கும், ஏன்னா பாதி கதை ஒன்பதாவதுலயே முடிஞ்சிருக்கும். சிகாகோ யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் 2005லயே சொல்லிட்டாங்க, ஒன்பதாவதுல தேவையான கிரெடிட் (பாஸான பாடத்துக்குக் கெடைக்கிற புள்ளி) எடுத்து, மெயின் சப்ஜெக்ட்ல ஒரு செமஸ்டர் எஃப்க்கு, அதாவது ஃபெயிலுக்கு, மேல வாங்காத பிள்ளைங்க நாலு வருஷத்துல ஸ்கூல் முடிக்கிற வாய்ப்பு மத்தவங்கள விட மூணு மடங்குக்கும் மேலன்னு.

என்கிட்ட ஒரு பையன் வந்தான். ஃபர்ஸ்ட் பீரியட் அல்ஜீப்ரால மட்டும் எஃப், மத்ததெல்லாம் பி, சி. அட்டெண்டன்ஸ எடுத்துப் பாத்தா தெனமும் லேட். கூப்ட்டு உக்கார வச்சுக் கேட்டேன், ரொம்ப நேரம் பேக் ஜிப்ப இழுக்குறதும் மூடுறதுமாவே இருந்தான், அப்புறம் மெதுவா சொன்னான், அம்மா நைட் ஷிஃப்ட் முடிச்சு வர லேட்டாகும், தம்பிய எலிமெண்ட்ரி ஸ்கூல்ல விட்டுட்டு அப்புறம்தான் பஸ் ஏறுறேன்னு. ரெண்டு மாசமா யாரும் அவன்கிட்ட ஏன்னு கேக்கல, நானும் கேக்கல. எங்க ஸ்கூல்ல அல்ஜீப்ராக்கு மொத்தமே ரெண்டு செக்‌ஷன்தான், அவன நாலாவது பீரியடுக்கு மாத்தலாம்னா அது ஃபுல், சின்ன ஸ்கூல்ல இதுதான் பெரிய கஷ்டம். ஆனா அந்த டீச்சர் ஒரு சேர் எக்ஸ்ட்ரா போடுங்க, நான் பாத்துக்கறேன்னுட்டார். அடுத்த செமஸ்டர்ல சி வாங்கினான், விட்டுப்போனத சம்மர் ஸ்கூல்ல எடுத்துட்டான்.

இன்னொண்ணு, டி வாங்கினாலும் பாஸ்தானேன்னு விட்டுடாதீங்க. ஸ்கூலுக்கு அது பாஸ், ஆனா யூசி, கால் ஸ்டேட்னு கலிஃபோர்னியாவோட அரசு யுனிவர்சிட்டிங்க இருக்குல்ல, அதுல எதுக்குப் போகணும்னாலும் அதுக்குக் கேக்குற 15 கோர்ஸ்ல டி கணக்குல வராது.

லீவும் அப்படித்தான். 180 நாள்ல 18 நாள் போகலைன்னாலே நீண்ட ஆப்சென்ட்னு எடுத்துக்குவாங்க, காய்ச்சலுக்கு லெட்டர் குடுத்த நாளும் அதுல சேரும். டிசம்பர் லீவுல ஊருக்குப் போறப்ப லீவுக்கு முன்னாடி ஒரு வாரம் பின்னாடி ஒரு வாரம்னு சேத்து டிக்கெட் போடுறோம்ல, அதுலயே 10 நாள் போச்சு. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஸ்கூல்ல இண்டிபெண்டன்ட் ஸ்டடி (ஸ்கூலுக்கு வராமலே பாடத்த முடிச்சுக் குடுக்குறது) தருவாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.