புகைக்கும் கணக்கு: கலிபோர்னியா சட்டம் கேட்கும் மூன்று எண்கள்

ஆண்டு வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டிய எந்த அமெரிக்க நிறுவனமும், கலிபோர்னியாவில் வணிகம் செய்தால், தன் பசுமை இல்ல வாயுக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். 2023 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட எஸ்.பி. 253 (செனட் மசோதா 253) சட்டம் சொல்வது இதைத்தான். பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனத்துக்கும் விலக்கில்லை. மறு ஆண்டே எஸ்.பி. 219 வந்து அதைத் திருத்தியது. அந்தத் திருத்தத்தின் கனம் புரிய, கணக்குப் போடும் முறையை முதலில் பார்த்துவிட வேண்டும்.

துணி விற்கும் ஒரு பெரிய கடை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஜெனரேட்டரில் 100 லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 268 கிலோ கரியமில வாயு. ஏசியில் குளிர்விக்கப் பயன்படும் ஆர்-410ஏ வாயு ஒரே ஒரு கிலோ கசிந்தால், ஏறத்தாழ 2 டன் கரியமில வாயுவுக்குச் சமம்! கசிவு கண்ணுக்குத் தெரியாது; மெக்கானிக் எத்தனை கிலோ கேஸ் நிரப்பினார் என்ற பில்லை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். இப்படி நிறுவனமே நேரடியாக வெளியேற்றுபவை ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரத்துக்காக எங்கோ ஒரு மின்நிலையம் விடும் புகை ஸ்கோப் 2. இவை இரண்டும் ரசீதிலும் மீட்டரிலும் இருக்கின்றன.

மிச்சமெல்லாம் ஸ்கோப் 3. நூற்பாலை, சாயப்பட்டறை, கப்பல், கடைசியில் குப்பைக்குப் போகும் பழைய சட்டை வரை 15 பிரிவுகள். அமெரிக்கக் கடைகளுக்குப் பனியன் தைத்து அனுப்பும் திருப்பூர் ஆலையின் மின்சாரமும் இதற்குள் வந்துவிடும். துணிக்கடை போன்ற தொழில்களில் மொத்த உமிழ்வில் பெரும்பங்கு இங்கேதான்.

இதை அளக்க ஒரு குறுக்குவழி உண்டு: துணிக்குச் செலவிட்ட டாலரை, டாலருக்கு இத்தனை கிலோ என்ற தொழில்துறைச் சராசரியால் பெருக்குவது. பருத்தி விலை ஏறினால், ஒரு கைப்பிடி நிலக்கரிகூட அதிகம் எரியாமலே ஏட்டில் உமிழ்வு ஏறிவிடும். ஆலை முழுக்கச் சூரிய மின்சாரத்துக்கு மாறினாலும் அந்த எண் அசையாது. மாறியவருக்கும் மாறாதவருக்கும் ஒரே மதிப்பெண் போடும் கணக்கு யாருக்கு உதவும்? ஆலையிடமே யூனிட் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும்.

மூலச் சட்டப்படி, முதல் இரண்டு எண்களை வெளியிட்ட 180 நாட்களுக்குள் மூன்றாவதும் வந்தாக வேண்டும். எஸ்.பி. 219 அந்தக் கெடுவை நீக்கி, 2027இல் எப்போது என்பதை மாநிலக் காற்று வள வாரியத்திடம் விட்டது. விதிகளை எழுத வாரியத்துக்கும் 6 மாதம் கூடுதலாகக் கிடைத்தது. துணை நிறுவனங்களுக்கும் சேர்த்துத் தாய் நிறுவனமே ஒரே அறிக்கை தரலாம். காலநிலை அபாயங்களை வெளியிடச் சொல்லும் தம்பிச் சட்டமான எஸ்.பி. 261ஐ மட்டும், அமெரிக்க வணிக சபை தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்காலமாக நிறுத்திவைத்தது.

அவகாசம் எனக்கு நியாயமாகவே படுகிறது. கவலை வேறு: ஸ்கோப் 3 விஷயத்தில், 2030 வரை அறிக்கையே தராத நிறுவனத்துக்கு மட்டும்தான் அபராதம். குத்துமதிப்பான எண்ணோடு நிறுத்திக்கொள்ள இது போதுமான இடம். ஆனால் சட்டம் பின்பற்றச் சொல்லும் பசுமை இல்ல வாயு நெறிமுறையில், சப்ளையர்கள் தந்த தரவை வைத்துக் கணக்கிட்டது எத்தனை சதவீதம் என்பதையும் சொல்லச் சொல்கிறார்கள். அறிக்கைகள் வரும்போது, மொத்த டன்னுக்கு முன்னால் நான் தேடப்போவது அந்தச் சதவீதத்தைத்தான்.