பாம் நகருக்கு அடியில் ஒளிந்திருந்த பிளவு

2003 டிசம்பர் 26 விடியற்காலையில் தென்கிழக்கு ஈரானின் பாம் நகரம் தரைமட்டமானது. நிலநடுக்கத்தின் அளவு 6.6 தான். ஆனால் சுடாத மண்கட்டி வீடுகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 26,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஊருக்குக் கிழக்கே ‘பாம் பிளவு’ என்று முன்பே அறியப்பட்ட நிலப்பிளவு ஒன்று உண்டு. சந்தேகம் அதன்மேல்தான் விழுந்தது. ஆனால் அவ்வளவு பெரிய அழிவுக்கு ஈடான வெடிப்பு எதுவும் அங்கே தரையில் தென்படவில்லை.

விடை சுமார் 800 கி.மீ. உயரத்தில் சுற்றிய ஐரோப்பியச் செயற்கைக்கோள் என்விசாட்டிடம் இருந்தது. டிசம்பர் 3 அன்றும், 35 நாள் கழித்து ஜனவரி 7 அன்றும் அது ஏறக்குறைய அதே பாதையில் பாமைக் கடந்து ரேடார் படம் எடுத்திருந்தது.

அத்தனை உயரத்திலிருந்து சென்டிமீட்டரை அளப்பது எப்படி? ஒரு சைக்கிளை எண்ணிப் பாருங்கள். தொலைவில் ஒரு சுவரைத் தொட்டுத் திரும்புகிறது. சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று நாம் எண்ணவில்லை. ஆனால் திரும்பி நிற்கும்போது டியூபுக்குக் காற்றடிக்கும் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறோம். அடுத்த முறை மூக்கு வேறு பக்கம் நின்றால், சுவர் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது! ரேடார் அலையும் இப்படித்தான். அதன் ‘சக்கரச் சுற்றளவு’, அதாவது அலைநீளம், 5.6 செ.மீ. போகவரச் செல்வதால், தரை 2.8 செ.மீ. நகர்ந்தாலே மூக்கு ஒரு முழுச் சுற்று வந்துவிடும். இரண்டு படங்களையும் புள்ளிக்குப் புள்ளி கழித்து, மலை மேடுகளால் வரும் வேறுபாட்டையும் நீக்கினால், ஈர ரோட்டில் சிந்திய பெட்ரோல் போல வண்ண வளையங்கள் எஞ்சும். ஒவ்வொரு வளையமும் 2.8 செ.மீ. (செயற்கைக்கோள் பார்க்கும் சாய்வான திசையில் மட்டும், நேர் வடக்கு தெற்காக நகர்ந்த தரை அதன் கண்ணில் அவ்வளவாகப் படாது.)

பாமின் வளையங்கள் பழைய பிளவைச் சுற்றி அமையவில்லை. சில கிலோமீட்டர் மேற்கே, யாரும் வரைபடத்தில் குறிக்காத ஒரு கோட்டைச் சுற்றி அமைந்தன. நகரின் தென்பகுதிக்கு அடியில், ஆழத்தில், பாறை இரண்டு மீட்டருக்கும் மேல் வழுக்கியிருந்தது. அந்த நகர்வில் பெரும்பகுதி தரைக்கு வந்து சேரவே இல்லை.

எனக்கு இதைவிட வியப்பளிப்பது, படத்தில் வண்ணம் கலைந்து வெறும் புள்ளிக் குழப்பமாகத் தெரிந்த இடங்கள். தரையின் மேற்பரப்பே உருமாறினால் இரண்டு படங்களும் ஒப்பிட முடியாதவை ஆகிவிடும். வழக்கமாக அது தொல்லை. இங்கே அந்தக் குழப்பமே இடிந்த தெருக்களைக் காட்டியது; தெற்கே பாலைவனத்தில் மெல்லிய கோடாக நீண்டு, நேரில் தேடிப் போகவேண்டிய வெடிப்புகளையும் காட்டியது.

பாமைச் சுற்றி வறண்ட நிலம் என்பதால் இது கைகூடியது. காடு அடர்ந்த இடத்தில் 5.6 செ.மீ. அலை இலைகளிலேயே சிதறிவிடும். அடுத்த முறை வரும்போது அந்த இலை அங்கே இருக்காது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோள், 24 செ.மீ. அலையையும் பயன்படுத்துவது இதனால்தான். அதில் ஒரு வளையத்துக்கு 12 செ.மீ.; அளவுகோல் சற்று முரடு, ஆனால் இலைகளைத் தாண்டித் தரையைத் தொடும்.